பாராமெடிக்கலில் இருந்து நர்சிங்குக்கு

இராஜாக்கமங்கலத்தில் இருந்து தினமும் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி அவசர சிகிச்சைப் பயிற்சி (விபத்தில் அடிபட்டவரை, மாரடைப்பு வந்தவரை டாக்டரிடம் சேர்க்கும்வரை காக்கும் வேலை) படிக்கிறீர்கள். இப்போது பி.எஸ்சி. நர்சிங் படிக்கலாமே என்று தோன்றுகிறது. முடியுமா?

முடியும். ஆனால் முதலாம் ஆண்டில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

"ஊசி போடவும் பி.பி. பார்க்கவும் தெரியுமே, இரண்டாம் ஆண்டில் சேர்க்க மாட்டார்களா?" மாட்டார்கள். அமெரிக்காவில் பாராமெடிக்குகள் சீக்கிரமாக நர்ஸ் ஆவதற்கென்றே இணைப்புப் படிப்புகள் உண்டு. இங்கே அது இல்லை. நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர், முழுநேரப் படிப்பு. இரண்டாம் ஆண்டில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

அப்படியென்றால் எதைப் பார்த்து இடம் தருவார்கள்? உங்கள் பிளஸ் டூ மார்க்கை. இப்போதைய பயிற்சியில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் அது இங்கே கணக்கில் வராது. ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்று, இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. வயது உச்சவரம்பு அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் இருக்கும். வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வருபவர்கள் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

பிளஸ் டூவில் உயிரியல் இல்லையா? பி.எஸ்சி.க்கு நேர்வழி இல்லை. ஜி.என்.எம். (மூன்று ஆண்டு நர்சிங் டிப்ளமோ) முடித்து, நர்ஸாகப் பதிவு செய்துகொண்டு, பிறகு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். மொத்தம் ஐந்து ஆண்டு. ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவிலேயே நர்ஸ் வேலைக்குத் தகுதி வந்துவிடும். கையில் காசு இல்லாத வீட்டுக்கு இது மோசமான வழி அல்ல.

அரசு இடங்களுக்கு எங்கே விண்ணப்பிப்பது? மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழுவிடம். வேடிக்கை என்னவென்றால், அங்கே நர்சிங்கும் பாராமெடிக்கல் படிப்புகளின் பட்டியலில்தான் வருகிறது.

ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. "நர்சிங் அசிஸ்டென்ட்" என்று ஓராண்டுச் சான்றிதழ் தரும் நிறுவனங்கள் பல. அந்தத் தாளை வைத்துத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாவிட்டால் அரசு நர்ஸ் வேலைக்கோ வளைகுடாவில் நர்ஸ் வேலைக்கோ போக முடியாது. பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா? பி.எஸ்சி. என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா?

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா? வகுப்பும் வார்டுப் பயிற்சியும் பகலைத் தின்றுவிடும். ஆம்புலன்சில் 12 மணி நேர ஷிப்ட் பார்ப்பவருக்கு அது நடக்காத காரியம். நான்கு ஆண்டுச் செலவுக்கு முன்கூட்டியே வழி பார்த்துவையுங்கள்.

நர்சிங் போனால் ஆம்புலன்ஸ் வேலை கைவிட்டுப் போகுமோ என்ற பயம் வேண்டாம். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 சேவை, மருத்துவ உதவியாளர் பணிக்கு நர்சிங் படித்தவர்களையும் எடுக்கிறது.

பாதியில் விலகுவதாக இருந்தால், இப்போது படிக்கும் இடத்தில் கொடுத்துவைத்த அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் நர்சிங் சேர்க்கைக் கலந்தாய்வுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மீதிக் கட்டணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்று இழுத்தடிக்கும் இடங்கள் உண்டு.