முகம் தந்த எச்சரிக்கை

'தண்டவாளத்தைக் கடப்பது குற்றம்' என்று மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதிய பலகைகளை மும்பைவாசிகளான நாம் தினமும் பார்க்கிறோம். பார்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே லைனைக் கடந்தும் போகிறோம்.

ரயில்வேயில் இஞ்சினியராக இருந்த காலத்தில் அப்படிப்பட்ட பலகைகளை நட்டவன் நான். ஒருநாள் வண்டி வருவது தெரிந்தும், 'இன்னும் நேரமிருக்கிறது' என்று கணக்குப் போட்டு லைனைக் கடந்தவனும் நானே. பிளாட்பாரத்தில் ஏறித் திரும்புவதற்குள் வண்டி முதுகை உரசுவது போலப் போனது. பலகை நினைவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்!

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவு இதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் அவசரத்தில் இருப்பவன் சட்டம் படிப்பதில்லை.

2009-10இல் நம்மவர் பலருக்கும் பழக்கமான ஹார்பர் லைன் வடாலா நிலையத்தருகே வேறொரு வழி சோதிக்கப்பட்டது. ஃபைனல் மைல் என்ற மும்பை நிறுவனம் ரயில்வேயுடன் சேர்ந்து மூன்று ஏற்பாடுகளைச் செய்தது. பெரிய பொருள் வேகமாக வந்தாலும் மெதுவாக வருவது போலவே கண்ணுக்குத் தோன்றும். ஆகவே இடைவெளிவிட்டுச் சில ஸ்லீப்பர்களுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். அவற்றை வண்டி விழுங்கிக்கொண்டு வருவதைப் பார்த்து அதன் வேகத்தை அறியலாம். ஒரே நீண்ட விசிலுக்குப் பதிலாக இரண்டு குறுகிய விசில்கள் ஒலிக்கச் செய்தார்கள். மூன்றாவது ஏற்பாடுதான் புகைப்படம்.

மூன்று கட்டங்களில் ஒரே மனிதனின் முகம், மிக அருகிலிருந்து எடுத்தது. வண்டி தன்மேல் ஏறப்போகிறது என்று அறிந்தவனின் திகில் கட்டத்துக்குக் கட்டம் கூடுகிறது. நடித்தவர் ஒரு நடிகர்தான். ஆனாலும் பார்ப்பவர் வயிற்றைக் கலக்கும்.

இது எப்படி வேலை செய்கிறது? பலகைகளில் வரையும் கோட்டு மனிதன் யாரோ ஒருவன், அவனுக்கு முகமில்லை. இந்தப் படத்தில் இருப்பவனோ நம்மைப் போன்றவன். அகத்தில் இருப்பது முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி. பயந்த முகத்தைப் படிக்க எழுத்தறிவு வேண்டாம். பீகாரிலிருந்து வந்தவருக்கும் திருநெல்வேலியிலிருந்து வந்தவருக்கும் அது ஒன்றையே சொல்லும். மேலும், படத்தில் ரத்தமோ பிணமோ இல்லை. அடுத்த கணம் என்ன நடக்கும் என்பதைப் பார்ப்பவனே தன் மனத்தில் வரைந்துகொள்கிறான். தானே வரைந்த படத்தை அவன் எப்படி மறுப்பான்?

சோதனைக்குப் பிறகு அங்கே சாவுகள் கணிசமாகக் குறைந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பிற இடங்களுக்கும் இம்முறை பரவியது. மூன்று ஏற்பாடுகளும் சேர்ந்து தந்த பலன் இது. படத்துக்கு மட்டுமே புகழ் சேர்ப்பது நியாயமாகாது. எந்தப் படமும் நாள்பட்டால் சுவரோடு சுவராகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இருந்தாலும் எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நாங்கள் நட்ட பலகைகள் சட்டத்தைக் காட்டின. அந்தப் படம் கடக்கிறவனுக்கு அவனையே காட்டியது.

நாளைக் காலை அவசரத்தில் லைனில் கால் வைக்கத் தோன்றினால், அந்த இடத்தில் உங்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள். அந்த முகம் மாலையில் திரும்பி வரும் என்று வீட்டில் காத்திருப்பவர்களையும் நினையுங்கள். பிரிட்ஜில் ஏறி இறங்க இரண்டு நிமிடம் போதும்.