தாலிக்கொடியோடு சுனௌலி தாண்டலாமா?

வெள்ளகோவில்காரருக்கு எல்லை என்றால் வாளையார்தான். கொப்பரையும் எண்ணெய் டின்னும் ஏற்றிய லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்ற இடம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததோடு அந்த வரிச் சாவடியின் கதை முடிந்தது. அங்கேயும் லாரியைத்தான் நிறுத்தினார்களே தவிர, குருவாயூர் போய்த் திரும்பும் குடும்பத்தின் பையை வரிக்காக யாரும் திறந்து பார்த்ததில்லை. அந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டே நம் ஊர் ஆட்கள் இன்னொரு எல்லைக்கும் போய்விடுகிறார்கள். அது நாட்டு எல்லை.

முக்திநாத் யாத்திரையைத்தான் சொல்கிறேன். 108 திவ்யதேசங்களில் ஒன்று, நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில் இருக்கிறது. கொங்குப் பக்கத்திலிருந்து குழு குழுவாகப் போகிறார்கள். ஈரோட்டில் ராப்திசாகர் ரயிலைப் பிடித்துக் கோரக்பூரில் இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் சுனௌலி. உத்தரப்பிரதேசத்தின் மகராஜ்கஞ்ச் மாவட்டம். ஒரு நுழைவு வளைவு, அந்தப் பக்கம் நேபாளத்தின் பெலஹியா. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியருக்கு விசா வேண்டியதில்லை. காய்கறிப் பையோடு ஜனங்கள் நடந்தே வந்து போகிறார்கள், சைக்கிள் ரிக்‌ஷாக்கள் போகின்றன. இதைப் பார்த்ததும், இங்கே விதியே கிடையாது போல என்று தோன்றிவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

யாத்திரைக்குப் பணம் கட்டிவிட்டு வந்த ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, தாலிக்கொடியோட போலாமுங்களா, இல்ல கழட்டி வெச்சுப்போட்டு மஞ்சக் கயிறோட போவோணுமுங்களா?" பயணக் குழுக்காரரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று சொன்னாராம். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்தான். கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

விமானத்தில் வெளிநாடு போய் வருபவருக்கு இவ்வளவு ரூபாய் வரைக்கும் பொருள் கொண்டுவரலாம், சுங்கவரி இல்லை என்று ஒரு சலுகை இருப்பது பலருக்கும் தெரியும். துபாய் போய் வந்த மருமகன் சொல்லியிருப்பார். தரைவழியாகத் திரும்புகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. 2016-இல் வந்த பயணப் பொதி விதிகளிலேயே இதைப் பிரித்து எழுதிவிட்டார்கள். தரைவழியே வருபவர், தான் பயன்படுத்திய சொந்த உடைமைகளை மட்டுமே வரியில்லாமல் கொண்டுவரலாம். அதாவது உடுத்திய துணி, போர்வை, மருந்து, கைப்பை. காத்மாண்டுவில் வாங்கிப் பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கும் ஜாக்கெட்டும் கேமராவும் சட்டப்படி வரிக்குரிய சரக்கு. விமானச் சலுகையின் தொகைகள் அவ்வப்போது மாறுகின்றன. ஆகவே யாரோ சொன்ன பழைய எண்ணை நம்பிப் பொருள் வாங்க வேண்டாம்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். மூன்றாம் நாட்டிலிருந்து நேபாளத்துக்குக் குறைந்த வரியில் இறங்கும் சரக்கு, இந்தத் திறந்த எல்லை வழியாக இந்தியாவுக்குள் நுழைகிறது. தங்கம், பாக்கு, துணி எல்லாம் இப்படி வருகின்றன. எண்ணெய் ஆலைகள் நிறைந்த நம் ஊருக்கு இது புதிதல்ல. சுத்திகரித்த பாமாயில் வரியில்லாச் சலுகையில் நேபாளம் வழியே குவிந்தபோது உள்ளூர் ஆலைக்காரர்கள் பட்டபாடு தெரிந்ததே. 2020 ஜனவரியில் அதன் இறக்குமதிக்கே மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. அந்தப் பெரிய கடத்தலுக்காக விரித்த வலையில்தான் யாத்திரை போன சாதாரண மனிதரும் சில நேரம் மாட்டுகிறார்.

அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அதே 2016 விதிகளில் 'சொந்த உடைமை' என்பதற்கு விளக்கம் எழுதியபோது, அன்றாடத் தேவைக்கான பொருள் என்று சொல்லிவிட்டு, நகை அதில் சேராது என்று ஒரு வாசகத்தையும் வைத்தார்கள். கழுத்தில் கிடக்கும் கொடியைப் பற்றி அதிகாரி கேள்வி எழுப்ப இடம் கொடுத்தது இந்த வாசகம்தான். நீதிமன்றங்கள் இதை அப்படியே ஏற்கவில்லை. கொண்டுவரும் நகை வேறு, ஒருவர் அணிந்து பழகிய சொந்த நகை வேறு என்று தில்லி உயர்நீதிமன்றம் 2024-இல் பிரித்துக் காட்டியது. இலங்கையிலிருந்து வந்த புதுமணப்பெண்ணிடம் சென்னை விமான நிலையத்தில் பறிமுதல் செய்த தாலிக்கொடியையும் வளையல்களையும் திருப்பித் தரச் சொல்லி, 2025-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். நியாயம் கிடைத்தது, ஆனால் அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நம் ஊர் அம்மா ஒருவரால், சுனௌலிக்கான சுங்க ஆணையரகம் இருக்கும் லக்னோவுக்கும் வெள்ளகோவிலுக்கும் அத்தனை காலம் அலைய முடியுமா?

இன்னொரு முக்கியமான விஷயம் சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு. பொதுவாகக் குற்றம் சாட்டுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். தங்கத்தில் இது தலைகீழ். கடத்தல் தங்கம் என்று நியாயமாக நம்பி அதிகாரி பறிமுதல் செய்துவிட்டால், அது கடத்தல் இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு, பொருளைப் பறிகொடுத்தவர் தலையில் விழுகிறது. "எங்க அம்மா போட்டதுங்க" என்று சொன்னால் மட்டும் போதாது.

அதனால் அக்காவுக்கு நான் சொன்னது இது. தாலிக்கொடி போதும், ஆரமும் நெக்லஸும் வீட்டில் இருக்கட்டும். கிளம்புமுன் நகையை எடை போட்டு, கடை ரசீது இருந்தால் நகல் எடுங்கள். பழைய நகைக்கு ரசீது இருக்காது. அப்படியானால் நம் ஊர் நகை மதிப்பீட்டாளரிடம் எடையும் விவரமும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதே நகையோடு நீங்கள் நிற்கும் கல்யாண போட்டோ ஒன்றையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது சுனௌலி இந்திய சுங்க அலுவலகத்தில், திரும்பி எடுத்துவரப் போகிற பொருள் என்று ஏற்றுமதிச் சான்று கேட்கலாம். கேட்டு வாங்குவதற்கு அரை மணியோ ஒரு மணியோ ஆகும், குழுவில் நாலு பேர் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். விலை உயர்ந்த கேமரா, லேப்டாப் இருந்தால் அதன் வரிசை எண்ணையும் அதே சான்றில் சேர்க்கச் சொல்லுங்கள்.

நேபாளத்தில் தங்கம் வாங்கி வருவதைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். வரி கட்டித் தங்கம் கொண்டுவரும் சலுகையே குறைந்தது ஆறு மாதம் வெளிநாட்டில் தங்கியவருக்குத்தான். பத்து நாள் யாத்திரைக்காரருக்கு அது கிடையாது.

மலைப்பாதையில் ரகசியமாகக் கையில் திணித்து விற்கும் கஸ்தூரியையும் தொடாதீர்கள். கஸ்தூரி மான் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அந்தப் பொட்டலம் அசல் என்றால் சிறைக்குரிய குற்றம், போலி என்றால் பணம் போச்சு. நேபாளத்தின் பாட்டன் நகரில் சிலை வாங்குவோர், அது பழம்பொருள் இல்லை என்று நேபாளத் தொல்லியல் துறை தரும் சான்றைக் கடைக்காரரிடமே கேட்டு வாங்குங்கள். புதுச் சிலைக்கும் நேபாள எல்லையில் அந்தச் சீட்டைக் கேட்பார்கள்.

பணத்துக்கும் விதி உண்டு. 2018 டிசம்பரில் நேபாளம் 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளைத் தடை செய்தது. பிறகு தளர்த்தும் வேலைகள் நடந்தாலும், 100 ரூபாய் கட்டுகளாக எடுத்துப் போவதே இன்றைக்கும் நிம்மதி. 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான கணக்கு. அதற்குக் குறைத்துத் தருபவரிடம் மாற்ற வேண்டாம். அடையாளத்துக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதார் மட்டும் போதும் என்பது 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான்.

குழுவோடு போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் யாத்திரைக் குழுக்கள் சமையல்காரர், அரிசி, பருப்பு, எண்ணெய் டின் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோகும். நேபாளச் சுங்கத்தை அங்கே 'பன்சார்' என்பார்கள். இந்திய வண்டி உள்ளே போக அங்கே கட்டணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். 100 நேபாள ரூபாய்க்கு மேல் பொருள் வாங்கி வரும் தம் நாட்டு மக்களிடமே 2023-இல் பன்சார்க்காரர்கள் வரி கேட்டு, எல்லை ஊர்களில் போராட்டம் நடந்தது. நம் சமையல் சாமானையும் கேட்கத்தான் செய்வார்கள். பட்டியல் எழுதி வைத்திருக்கும் குழு சீக்கிரம் நகரும். திரும்பும்போது டிரைவரோ வழித்துணைக்கு வந்தவரோ "இந்தப் பையை மட்டும் உங்க பெட்டியில வெச்சுக்குங்க" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்குள் தங்கம் இருக்கலாம், கஞ்சா எண்ணெயும் இருக்கலாம். யார் பெட்டியில் கிடைத்ததோ அவர்தான் முதல் ஆளாகப் பதில் சொல்ல வேண்டும். நெரிசலைத் தவிர்க்க வயல்வழியே கூட்டிப் போகிறேன் என்பவர் பின்னாலும் போகாதீர்கள். அறிவிக்கப்பட்ட பாதையை விட்டு வேறு வழியில் சரக்கு கொண்டுவந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே 111-ஆம் பிரிவில் பறிமுதல் செய்யலாம்.

இத்தனைக்கும் பிறகு ஒருவேளை நிறுத்திவிட்டார்கள் என்று வையுங்கள். முதலில் நிறுத்துபவர் எல்லைக் காவல் படையான சசஸ்த்ர சீமா பல் வீரராக இருக்கலாம். அவர் பொருளைச் சுங்கத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். உடலைச் சோதிக்க வேண்டும் என்றால், அரசிதழ் பதிவு பெற்ற சுங்க அதிகாரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ கூட்டிப்போகச் சொல்லிக் கேட்க 102-ஆம் பிரிவு உரிமை தருகிறது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். இதைச் சத்தம் போடாமல், ஆனால் தெளிவாகக் கேளுங்கள்.

நம் ஆட்கள் தோற்றுப்போவது அடுத்த கட்டத்தில்தான். மேசைமேல் ஹிந்தியில் ஒரு காகிதம் வரும். ரயிலுக்கு நேரமாகும், குழு பஸ்ஸில் காத்திருக்கும், பயம் வேறு. "சைன் பண்ணுங்க, விட்டுடறோம்" என்பார்கள். பல நேரம் அந்தக் காகிதத்தில் இருப்பது, எனக்கு நோட்டீஸ் வேண்டாம், விசாரணை வேண்டாம் என்ற வாசகம். பறிமுதலை உறுதி செய்யுமுன் காரணம் காட்டி நோட்டீஸ் தந்து உங்கள் பதிலைக் கேட்பது 124-ஆம் பிரிவின்படி அவர்கள் கடமை. அச்சடித்த தாளில் வாங்கிய இப்படிப்பட்ட கையெழுத்து செல்லாது என்று தில்லி உயர்நீதிமன்றம் 2025-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வழக்காடுவதைவிட, போடாமல் இருப்பது எளிது. போட்டே ஆக வேண்டிய சூழல் என்றால், "எனக்கு ஹிந்தி படிக்கத் தெரியாது, இதில் உள்ளதை எனக்கு விளக்கவில்லை" என்று தமிழிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டு, அதன் கீழே கையெழுத்திடுங்கள். சுங்க அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் போலீஸிடம் சொன்னது போல அல்ல, உங்களுக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கும். மிரட்டி வாங்கியிருந்தால் தாமதிக்காமல், முடிந்தால் மறுநாளே, பதிவுத் தபாலில் மறுத்து எழுதுங்கள்.

எடுத்துக்கொண்ட ஒவ்வொரு பொருளுக்கும் மகஜர் நகல் கேளுங்கள், எடையோடும் எண்ணிக்கையோடும். 'இரண்டு மஞ்சள் உலோக நகை' என்று மொட்டையாக எழுதியிருந்தால் விவரம் சேர்க்கச் சொல்லுங்கள். வரியோ அபராதமோ கட்டினால் ரசீது. ரசீது தராமல் பணம் கேட்டால் அது லஞ்சம். அவர்கள் மத்திய அரசு ஊழியர்கள், ஆகவே புகார் போக வேண்டிய இடம் சிபிஐ அல்லது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம். நம் ஊர் லஞ்ச ஒழிப்புத் துறை அல்ல.

பறிமுதல் நடந்து ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் வர வேண்டும். காரணம் எழுதி இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். அதற்கும் மேல் போனால் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 110-ஆம் பிரிவு. தடை செய்யப்படாத பொருள் என்றால், அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பை 125-ஆம் பிரிவின்படி கட்டாயம் தந்தாக வேண்டும். உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். சுனௌலி, லக்னோ சுங்கத் தடுப்பு ஆணையரகத்தின் கீழ் வருவது. அங்கேயும் தோற்றால், பயணப் பொதி வழக்குகள் தீர்ப்பாயத்துக்குப் போவதில்லை. மூன்று மாதத்துக்குள் மத்திய அரசிடமே மறுஆய்வு மனு போட வேண்டும். இது தெரியாமல் தவறான கதவைத் தட்டி நாளைக் கடத்தியவர்கள் உண்டு. கடிதம் கையில் கிடைத்த தேதியைத் தபால் உறை மேலேயே எழுதி வையுங்கள், நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.

வக்கீலுக்குச் செலவழிக்க முடியாதே என்று விட்டுவிட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். திருப்பூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் சிக்கல் என்றால் காத்மாண்டு இந்தியத் தூதரகம், இன்னொரு எல்லை ஊரான ரக்சால் வழியே போனவர்களுக்குப் பீர்கஞ்சில் துணைத் தூதரகம்.

அக்கா போன வாரம் கொடியை எடை போட்டுச் சீட்டு வாங்கிவிட்டார். ஏழு பவுன். சீட்டின் நகலை மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அசலை முக்திநாத் மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். அடுத்த கேள்வியும் வந்துவிட்டது: "காலு மெட்டிக்கும் சீட்டு வேணுமுங்களா?" வெள்ளி மெட்டிக்கு வேண்டியதில்லை அக்கா, போட்டுக்கொண்டே போங்கள் என்றேன்.