முன்னாள் படைவீரரின் வாசலுக்குச் செல்ல வேண்டிய அரசு

போர் முடிவடைந்த தினத்தை வரலாற்று நூல்கள் தவறாது குறித்து வைக்கின்றன. ஆனால், அப்போரில் காலை இழந்தவனுக்கும், குண்டுச் சத்தம் நினைவில் எழுந்து இரவு உறக்கம் கலைபவனுக்கும், அவர்களைப் பராமரிக்கும் மனைவி மக்களுக்கும் அந்தத் தினத்தில் எதுவும் முடிந்துவிடுவதில்லை. போருக்கு ஆட்களை அனுப்பிய அரசு, அவர்கள் திரும்பி வந்த பின்னர் அவர்களுக்கு ஆற்ற வேண்டிய கடமை என்ன, அக்கடமையை எந்த மட்டத்திலுள்ள நிர்வாகம் நிறைவேற்ற வேண்டும் என்பன பல நாடுகளும் எதிர்நோக்கும் வினாக்களாகும். இவ்விடயத்தில் நீண்டகால அனுபவம் கொண்ட ஐக்கிய அமெரிக்காவின் மாநில அரசுகள் செய்து வருபவற்றையும் செய்யத் தவறியவற்றையும் இங்கு நோக்குவது பயனுடையது என நாம் கருதுகின்றோம். அமெரிக்கா நடத்திய போர்களை நியாயப்படுத்துவது எமது நோக்கமன்று. போர் சரியோ பிழையோ, அதிலிருந்து ஊனமுற்றுத் திரும்பும் மனிதனின் தேவை ஒன்றுதான்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலன் என்றதும் மத்திய அரசாங்கத்தின் முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களமே எல்லோரது நினைவுக்கும் வரும். 1930ஆம் ஆண்டில் ஒரு நிர்வாக அமைப்பாகத் தோற்றம் பெற்று, 1989ஆம் ஆண்டில் அமைச்சரவைத் தகுதிக்கு உயர்த்தப்பட்ட நிறுவனம் அது. ஆயினும் மாநிலங்களின் பணி அதனிலும் பழைமையானது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864ஆம் ஆண்டிலேயே கனெக்டிகட் மாநிலத்தில் படைவீரர்களுக்கும் போரில் இறந்தோரின் பிள்ளைகளுக்குமான இல்லமொன்று திறக்கப்பட்டது. விஸ்கொன்சின் மாநிலத்தின் கிங் என்னுமிடத்திலுள்ள இல்லம் 1887ஆம் ஆண்டில் ஆரம்பமானது. இவ்வாறான மாநில இல்லங்களில் வாழ்வோரின் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியை மத்திய அரசாங்கம் ஏற்க 1888ஆம் ஆண்டில் காங்கிரஸ் இணங்கியது. அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கின்றது. இப்போது 50 மாநிலங்களிலும் இத்தகைய இல்லங்கள் உள்ளன. இல்லத்தை நடத்துவது மாநிலத்தின் பொறுப்பு. நாளாந்தச் செலவில் ஒரு பங்கையும் கட்டட நிர்மாணச் செலவில் 65 சதவீதம் வரையும் மத்திய அரசு வழங்குகின்றது.

இச்சலுகைகள் யாவும் ஆட்சியாளரின் தாராள மனத்தினால் மட்டும் கிடைத்தவையல்ல. முதலாம் உலக மகாயுத்தத்தில் போரிட்டவர்களுக்கு 1924ஆம் ஆண்டுச் சட்டமொன்று விசேட கொடுப்பனவை உறுதிசெய்தது. ஆனால், அப்பணம் 1945ஆம் ஆண்டிலேயே கிடைக்கும் என அச்சட்டம் கூறியது. பொருளாதாரப் பெருமந்தத்தினால் வேலையிழந்து பசியில் வாடிய முன்னாள் வீரர்கள் 1932ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கில் குடும்பத்தோடு வொஷிங்டனுக்குச் சென்று, அப்பணத்தை உடனே தருமாறு கோரிக் குடிசையமைத்துத் தங்கினர். அவ்வாண்டு ஜூலை 28ஆம் திகதி, ஜனாதிபதி ஹூவரின் உத்தரவின் பேரில் இராணுவம் அவர்களை விரட்டியது, குடிசைகள் எரிந்தன. தமது பழைய வீரர்கள் மீதே படை ஏவப்பட்ட அந்தக் காட்சி அமெரிக்க மக்களின் மனத்தை உறுத்தியது. 1936ஆம் ஆண்டில் அக்கொடுப்பனவு வழங்கப்பட்டது. அடுத்த போரிலிருந்து திரும்புவோர் அவ்வாறு வீதிக்கு வரக்கூடாது என்ற எண்ணமும் 1944ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட படைவீரர் புனர்வாழ்வுச் சட்டத்தின் பின்னணியில் இருந்தது. அச்சட்டத்தின் பயனாக 1956ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 78 இலட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றிருந்தனர்.

மத்திய அரசு இவ்வளவு செய்யும்போது மாநிலங்கள் செய்வதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். சட்டத்தில் எழுதப்பட்ட உரிமைக்கும் அந்த உரிமை மனிதனின் கையைச் சென்றடைவதற்கும் இடையில் நீண்ட தூரம் உண்டு. அத்தூரத்தைக் குறைப்பதே மாநிலங்களின் தலையாய பணியாகும். ஊனத்துக்கான நட்டஈடு கோரும் ஒருவர் பொதுவாக மூன்று விடயங்களை நிறுவவேண்டும். அவருக்கு இப்போது நோயோ ஊனமோ இருக்கவேண்டும். சேவைக் காலத்தில் அதற்குக் காரணமான சம்பவம் ஒன்று நிகழ்ந்திருக்கவேண்டும். இவையிரண்டுக்குமுள்ள தொடர்பு வைத்திய ரீதியாகக் காட்டப்படவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய சேவைப் பதிவைத் தேடியெடுத்து, வைத்திய அறிக்கை பெற்று, படிவங்களை நிரப்புவது முதியவர் ஒருவரால் தனியே ஆகக்கூடிய காரியமன்று. கொடுப்பனவு பெரும்பாலும் விண்ணப்பித்த திகதியிலிருந்தே கணிக்கப்படுவதால் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் நட்டமாகும். விண்ணப்பிக்கும் எண்ணத்தை முன்கூட்டியே அறிவித்தால் அத்திகதி ஓராண்டுக்குப் பாதுகாக்கப்படும். ஆனால், அப்படியொரு வழி உண்டென்று அவருக்கு யார் சொல்வது?

சட்டங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வியட்நாம் போரில் காடுகளின் மீது தெளிக்கப்பட்ட ஏஜன்ட் ஒரேஞ்ச் என்னும் இரசாயனத்தினால் ஏற்பட்ட நோய்களை, தனிப்பட்ட நிரூபணம் இன்றியே சேவையோடு தொடர்புடையனவாக ஏற்பதற்கு 1991ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இராணுவ முகாம்களின் கழிவுகள் திறந்த குழிகளில் எரிக்கப்பட்டன. அந்தப் புகையினால் நோயுற்றோருக்கும் 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சட்டம் அதே வழியைத் திறந்தது. வியட்நாமில் போரிட்டோரின் உயர் இரத்த அழுத்தமும் அச்சட்டத்தின் கீழ்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முன்னர் நிராகரிக்கப்பட்ட ஒருவர் இனித் தகுதியுடையவராகலாம். எனினும், தமது கோரிக்கை ஒருமுறை மறுக்கப்பட்டதோடு மனமுடைந்து ஒதுங்கிய எழுபது வயதுக் கமக்காரர் வர்த்தமானியை வாசிக்கப் போவதில்லை. யாராவது அவரிடம் சென்று சொல்லவேண்டும்.

இவ்வாறு சென்று சொல்வதற்கென்றே பெரும்பாலான மாநிலங்களில் மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் சேவை உத்தியோகத்தர் ஒருவர் இருக்கின்றார். அவர் கட்டணம் எதுவுமின்றி விண்ணப்பங்களைத் தயாரித்து, மேன்முறையீட்டுக்கும் உதவுகின்றார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இம்முறை இன்னும் ஆழமாக வேரூன்றியுள்ளது. அங்கு ஒவ்வொரு நகரமும் ஊரும் இத்தகைய உத்தியோகத்தர் ஒருவரின் சேவையை வழங்கவேண்டும் என்பது சட்டம். சிற்றூர்கள் ஒன்றுசேர்ந்து ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். வருமானம் குறைந்த முன்னாள் வீரருக்கும் அவரில் தங்கியிருப்போருக்கும் உணவு, வாடகை, எரிபொருள், வைத்தியம் ஆகியவற்றுக்கான உதவியை உள்ளூராட்சி மன்றமே வழங்குகின்றது. அச்செலவில் 75 சதவீதத்தை மாநில அரசு திருப்பிக் கொடுக்கின்றது. உதவி தேவைப்படுவோரை அறிந்தவர் உள்ளூரில் இருப்பவர். பணம் உள்ளது மாநிலத்தில். இவ்விரண்டையும் இணைத்ததே அம்முறையின் சிறப்பாகும்.

ஏனைய மாநிலங்களும் தத்தமக்கேற்ற வழிகளைக் கைக்கொண்டுள்ளன. டெக்ஸாஸ் மாநிலத்தில் தகுதியுடைய முன்னாள் வீரர்கள் அரச பல்கலைக்கழகங்களில் 150 பாட அலகுகள் வரை கற்பித்தற் கட்டணமின்றிப் பயிலலாம்; பயன்படுத்தாத அலகுகளைப் பிள்ளைக்குக் கொடுக்கவும் இடமுண்டு. கலிபோர்னியா மாநிலம் 1921ஆம் ஆண்டு முதல் வீட்டுக்கும் விவசாயக் காணிக்கும் கடன் வழங்கி வருகின்றது. வீட்டை மாநிலமே வாங்கித் தவணை அடிப்படையில் வீரருக்கு விற்கின்றது. அதற்கென வெளியிடப்படும் கடன் பத்திரங்கள் அந்தத் தவணைப் பணத்தைக் கொண்டே அடைக்கப்படுகின்றன. நியூயோர்க் மாநிலமோ 2019ஆம் ஆண்டில் மற்றொரு படி முன்சென்றது. மன உளைச்சல் நோய், மூளைக் காயம், படைக்குள் இழைக்கப்பட்ட பாலியல் கொடுமை, பாலின நாட்டம் ஆகியவற்றின் காரணமாக நற்சான்றின்றிப் படையிலிருந்து விலக்கப்பட்டோர் மாநிலச் சலுகைகளைப் பெறுவதற்கு அது சட்டமியற்றியது. மத்திய அரசின் கதவு மூடியிருந்தாலும் மாநிலம் தன் கதவைத் திறக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

சேவை எத்துணை சிறந்ததாயினும் அதனை நாடி வராதோர் பலர் உண்டு. உதவி கேட்பது இழுக்கு என்று எண்ணுவோர், தம்மைவிடத் துன்பமுற்றோருக்கே அது உரியது என்று ஒதுங்குவோர், அரசின் மீது நம்பிக்கையிழந்தோர், அலுவலகத்துக்குத் தொலைவில் வாழ்வோர் எனப் பலதரப்பட்டோர் அவர்கள். படையில் பணியாற்றிய பெண்கள் பலர் தம்மை முன்னாள் படைவீரர் என்று கருதுவதே இல்லை. எனவேதான் 'நீங்கள் முன்னாள் படைவீரரா?' என்று கேட்பதைவிட 'நீங்கள் எப்போதாவது படையில் சேவையாற்றியதுண்டா?' என்று கேட்பதே பொருத்தமானது என வைத்தியசாலைகளிலும் சமூக சேவை அலுவலகங்களிலும் உள்ளோருக்குச் சொல்லப்படுகின்றது. ஒரு வினாவின் சொற்களை மாற்றுவதாலேயே மறைந்திருந்த மனிதர் கண்ணுக்குத் தெரிகின்றார்.

தேடிச் செல்வதன் பயனை வீடற்றோர் விடயத்தில் தெளிவாகக் காணலாம். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் இரவில் எடுக்கப்பட்ட கணக்கில் ஏறத்தாழ 74 ஆயிரம் முன்னாள் வீரர்கள் வீடற்றிருந்தனர். 2024ஆம் ஆண்டில் அத்தொகை 33 ஆயிரத்துக்கும் குறைந்தது. வேர்ஜீனியா மாநிலம் வீதியில் உறங்குவோரைப் பெயர்வாரியாகப் பதிந்து, மத்திய அரசின் வாடகை உதவியோடு அவர்களை வீடுகளில் குடியமர்த்தியது. முன்னாள் வீரர் ஒருவர் வீடிழந்தால் விரைவிலேயே அவருக்கு இருப்பிடம் வழங்கக்கூடிய நிலையை எய்திவிட்டதாக 2015ஆம் ஆண்டு நவம்பரில் அம்மாநிலம் அறிவித்தது. ஆனால், தற்கொலைகள் அவ்வாறு குறையவில்லை. 2008ஆம் ஆண்டிலிருந்து 2022ஆம் ஆண்டு வரை ஒவ்வோராண்டும் 6 ஆயிரத்துக்கு மேற்பட்ட முன்னாள் வீரர்கள் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டுள்ளனர். காசோலையால் ஆற்றமுடியாத காயங்களும் உண்டென்பதை இத்தொகை உணர்த்துகின்றது.

உள்ளூர் நிர்வாகத்திடம் பொறுப்பை ஒப்படைப்பதில் ஆபத்தும் இல்லாமலில்லை. 1944ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பின வீரரையும் வெள்ளையின வீரரையும் வேறுபடுத்தவில்லை. ஆனால், அதன் பயன்கள் உள்ளூர் உத்தியோகத்தர்களதும் வங்கிகளதும் கைவழியாகவே சென்றன. மிசிசிப்பி மாநில நகரங்களில் அரசின் உத்தரவாதத்தோடு வழங்கப்பட்ட 3,229 கடன்களுள் இரண்டே இரண்டுதான் கறுப்பின வீரருக்குக் கிடைத்தன என 'எபனி' சஞ்சிகை 1947ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது. அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்ட பிலிப்பைன்ஸ் வீரர்களின் உரிமையையோ 1946ஆம் ஆண்டுச் சட்டமொன்று நேரடியாகவே பறித்தது. 2009ஆம் ஆண்டில்தான் அவர்களுள் உயிரோடிருந்தோருக்கு ஒருமுறைக் கொடுப்பனவு கிடைத்தது. அதிலும் அமெரிக்கப் பிரஜைகளுக்கு 15 ஆயிரம் டொலரும் ஏனையோருக்கு 9 ஆயிரம் டொலரும் என்ற பாகுபாடு இருந்தது. சட்டம் சமமாக எழுதப்பட்டால் மட்டும் போதாது, அது சமமாகக் கையாளப்படவும் வேண்டும் என்பதைச் சிறுபான்மை மக்களாகிய எமக்கு எவரும் விளக்கிக் கூறவேண்டியதில்லை.

மேலே நாம் பாராட்டிய மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலேயே பெருந்தவறும் நேர்ந்தது. 2020ஆம் ஆண்டு கொவிட் தொற்றின்போது ஹோலியோக் நகரிலுள்ள மாநிலப் படைவீரர் இல்லத்தில் குறைந்தது 76 முதியவர்கள் உயிரிழந்தனர். பணியாளர் பற்றாக்குறையினால், நினைவாற்றல் இழந்த முதியோரின் இரு விடுதிகள் ஒன்றாக்கப்பட்டு, தொற்றுற்றோரும் மற்றோரும் அருகருகே கிடத்தப்பட்டனர். இழப்பீடாக 5 கோடியே 60 இலட்சம் டொலர் வழங்க மாநிலம் 2022ஆம் ஆண்டில் இணங்கியது. 2023ஆம் ஆண்டில் முன்னாள் படைவீரர் சேவைக்கெனத் தனிச் செயலகமும் அங்கு உருவாக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு மரபுடைய ஓரிடத்திலும் கண்காணிப்புத் தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு இது உதாரணமாகும்.

எமது நாட்டிலும் படையினரின் நலனுக்காக 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ரணவிரு சேவா அதிகாரசபை அமைக்கப்பட்டது. போரினால் பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்கென இழப்பீட்டு அலுவலகத்துக்கான சட்டம் 2018ஆம் ஆண்டிலேயே வந்தது. இவற்றின் நிறைகுறைகளை இங்கு நாம் ஆராயவில்லை. ஆயினும், பாதிக்கப்பட்டவர் படிவத்தோடு அலுவலகம் அலுவலகமாக அலைவதா, அலுவலர் அவரது வாசலுக்குச் செல்வதா என்னும் கேள்வி, சீருடை அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் பொதுவானது. அவரது மொழியில் பேசக்கூடிய, அவரது ஊரை அறிந்த, கட்டணம் கேளாத ஓர் உத்தியோகத்தர். அவர் பாரபட்சம் காட்டினால் தட்டிக்கேட்க மேலேயொரு கண்காணிப்பு. செலவைத் தாங்க உறுதியான நிதி ஏற்பாடு. அமெரிக்க மாநிலங்களின் வெற்றிகளும் தோல்விகளும் இம்மூன்றினதும் தேவையையே வலியுறுத்துகின்றன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் சட்டப் புத்தகத்திலுள்ள உரிமை அங்கேயே தங்கிவிடும்.