சிமிழுக்குக் குமிழ் வைக்கிறார்கள், எட்டிப் பார்க்கலாமா?

அரக்கு பளபளக்கும் மரக் குங்குமச் சிமிழின் மூடி உச்சியில் கலசம் மாதிரி ஒரு குட்டிக் குமிழ் நிற்குமே, அது எப்படி அங்கே போய் உட்கார்ந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? ஆந்திரத்தில், வராக நதிக்கரையில் இருக்கும் ஏட்டிகொப்பாக்காவின் கடைசல் பட்டறைகளுக்குள் நுழைந்துவிட்டால் கண்ணை எடுக்கவே முடியாது!

மரம் அங்குடு. நம் ஊர் வெட்பாலைதான். தோல் நோய்க்குத் தைலம் காய்ச்ச இலை பறிக்கிறோமே, அதே மரம். வெளிர் நிறம், நெருக்கமான இழை, உளிக்கு வெண்ணெயாக வழிவிடும். ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஈர மரத்தில் வட்டமாகக் கடைந்த வாய் காய்ந்ததும் நீள்வட்டமாகிவிடும். அப்புறம் மூடி எங்கே இறங்குவது?

இப்போது வருகிறது அற்புதமான கட்டம். சிமிழின் வாய்க்குள் மூடியின் உதட்டை இறுக்கமாக அழுத்திவிட்டு, இரண்டையும் சேர்த்தே சுழலவிட்டுக் குமிழைக் கடையலாம். பசை கிடையாது, ஆணி கிடையாது, உராய்வு மட்டுமே பிடி! சிமிழும் மூடியும் குமிழும் ஒரே அச்சில் சுழல்வதால் குமிழ் கோணாமல் நிமிர்ந்து நிற்கும். நுனியைத்தான் முதலில் முடிக்க வேண்டும். அடி தடியாக இருக்கும்வரைதான் நுனி அதிராமல் உளியைத் தாங்கும். கழுத்து மெலிந்த பிறகு மறுபடி நுனிக்குப் போனால், பட்டென்று முறிந்துவிடும்.

குமிழைத் தனியாகக் கடைந்து பொருத்துவதும் உண்டு. மூடியின் நடுவில் துளை, குமிழின் அடியில் முளை. எனக்கு மிகவும் பிடித்த சூட்சுமம் இங்கேதான்: முளையைச் சுற்றியுள்ள தோளை உட்புறமாக லேசாகக் குழித்துவிட வேண்டும். அப்போது வெளி விளிம்பு மட்டுமே மூடியைத் தொடும், இடுக்கே தெரியாது. அந்தக் குழிவை வாங்குகிறவர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை!

பிறகு வண்ணம். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே உருகிப் பரவுகிறது. மேலே தாழை மடலை வைத்துத் தேய்க்க, அடடா, அந்த மினுமினுப்பு! மஞ்சள், அவுரி, ஜாப்ரா விதை என்று இயற்கைச் சாயங்களை இங்கே மீட்டெடுத்த சி.வி. ராஜுவுக்கு 2023இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஊரின் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2017இல்.

கடைசியாக, கடையும்போது இறுக்கமாக இருந்த உதட்டை ஒரு மயிரிழை சுரண்டித் தளர்த்துவார்கள். மூடியைத் திறக்க நாம் பிடித்து இழுக்கப்போவது குமிழைத்தானே? வாய் இறுக்கமாக இருந்தால் மூடி வராது, கழுத்துதான் கையோடு வரும். குமிழ் எவ்வளவு ஒல்லியாக நிற்கலாம் என்பதை முடிவுசெய்வது கீழே இருக்கும் வாய்தான்! அடுத்த முறை சிமிழ் வாங்கும்போது மூடியைக் கால் சுற்றுத் திருப்பி மூடிப் பாருங்கள். அப்போதும் அதே சுகத்தோடு இறங்கினால், காய்ந்த மரத்தில் கைதேர்ந்தவர் கடைந்தது, யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.