பக்கத்துத் தீவின் பாட்டு

போர்ட் பிளேரில் வசிக்கும் தமிழரின் காதுக்குச் சகிப்புத்தன்மை அதிகம். காலையில் கோயில் ஒலிபெருக்கி, டீக்கடையில் இளையராஜா, மாலையில் பக்கத்து வீட்டு வங்காளியின் ரவீந்திர சங்கீதம், எதிர்வீட்டில் இந்திப் பாட்டு என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும். ஆனால் தீவுச் சுற்றுலா விழா மேடையில் நிக்கோபாரிக் குழு ஏறினால் மட்டும் அது தடுமாறிவிடும். இருபது முப்பது பேர் நிற்கிறார்கள். யார் பாடகர் என்று தெரியவில்லை. தபலா இல்லை. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு நிமிடம் உடையை ரசித்துவிட்டுப் பலர் பஜ்ஜிக் கடைப் பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி, இந்த யூனியன் பிரதேசத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவீதம். நிக்கோபாரி பேசுபவர்கள் அதில் பாதி. ஆனாலும் பழக்கம் குறைவு. இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரிலிருந்து கார் நிக்கோபாருக்குச் சுமார் 270 கிலோமீட்டர் கடல். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பழங்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட பகுதி. வெளியார் அனுமதியின்றிப் போக முடியாது. எனவே நகரத்துத் தமிழருக்கு அண்டைத் தீவுக்காரர் பெரும்பாலும் மேடையில்தான் அறிமுகம்.

தடுமாற்றத்துக்குக் காரணம் காதின் பழக்கம். சபா ரசிகர் ராகம் என்னவென்று பார்ப்பார். சினிமா ரசிகர் இரண்டாவது சரணத்துக்கு முன்பு வரும் இசைக்காகக் காத்திருப்பார். இருவரும் ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். நிக்கோபாரிப் பாட்டில் அந்த இழையைத் தேடினால் ஏமாற்றம்தான்.

அவர்களுடைய பழைய பாட்டு, விருந்து நாட்களில் வட்டமாக நின்று, பக்கத்தில் இருப்பவரின் தோளில் கைபோட்டு, மெல்ல அடி வைத்து ஆடிக்கொண்டே பாடுவது. விடிய விடிய நீளும். மெட்டு சிறியது, திரும்பத் திரும்ப வருவது. காரணம், அது உட்கார்ந்து கேட்பவருக்காக உண்டானதல்ல, வட்டத்தில் நிற்பவருக்காக. தமிழருக்கு இது புரியாத சங்கதியா என்ன? கும்மியை யாரும் நாற்காலி போட்டு மதிப்பிடுவதில்லை.

இன்னொன்று, தேவாலயப் பாடகர் குழு. பெண்களின் மேல் குரல் ஒரு வழி, ஆண்களின் அடிக்குரல் வேறு வழி. வெவ்வேறு சுரங்கள் ஒரே நேரத்தில் பொருந்தி ஒலிக்கும் மேற்கத்திய முறை. ஒரு குரலின் நெளிவு சுளிவில் அல்ல, பல குரல்கள் சேர்ந்து அமர்வதில் இருக்கிறது இதன் சுகம். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா இதைத்தான் சினிமாவின் கோரஸ் குரல்களில் கொண்டுவந்தார். பெயர் தெரியாமலே தமிழ்க் காது அதை ரசித்துப் பழகிவிட்டது.

இந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு தமிழரும் இருக்கிறார். 1890களின் நடுவில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு அரசுப் பிரதிநிதியாகவும் உபதேசியாராகவும் போனவர் வேதப்பன் சாலமன். சிறுவர்களைச் சேர்த்துப் பள்ளி நடத்தினார். தீவினரின் விருந்துகளையும் சடங்குகளையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதன் பகுதிகளை ரிச்சர்டு டெம்பிள் என்ற ஆங்கில அதிகாரி அச்சிலேற்றினார். அவரிடம் படித்த சிறுவர்களில் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவின் மாண்டலேயில் மேற்கொண்டு படித்துத் திரும்பிய அவர், புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் தந்தார். 1952இல் மக்களவை உறுப்பினர். பிறகு தீவுகளின் முதல் பிஷப். இன்று காதுக்கு அந்நியமாகப் படும் அந்தத் தேவாலயப் பாட்டுக்குப் போகும் பாதை, ஒரு தமிழ் வாத்தியாரின் பள்ளியிலிருந்து தொடங்கியது.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களைத் துடைத்தெறிந்தது. உயிர் தப்பியவர்கள் தீவின் உட்பகுதியில் தகரக் கூரைகளின் கீழ் குடியேறினார்கள். குடிசையும் தென்னந்தோப்பும் பன்றிகளும் போன பிறகும், அவர்கள் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள், சேர்ந்து பாடுகிறார்கள். மேடையில் நிற்பது வெறும் 'கலாச்சார நிகழ்ச்சி' அல்ல.

ஆகவே பஜ்ஜியைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். முதல் பாட்டில் எதுவும் தேடாமல் இருக்கலாம். இரண்டாவதில் அடிக்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம். மூன்றாவதில் கால் தானாகத் தாளம் போடுகிறதா என்று பார்க்கலாம். போடவில்லை என்றாலும் மோசமில்லை. எல்லாப் பாட்டும் எல்லோருக்கும் பிடித்தாக வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் எழுந்து போனவருக்கு, தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லும் தகுதிகூட இன்னும் வரவில்லை.