எல்லாருக்கும் ஒரே மரவை



தொழுநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களிடம் மரக்கரண்டியும் மரவையும் வாங்கி வைக்கும்படி சொல்லி அனுப்புகிறோம். மரவை என்பது நம் பாட்டிமார் உப்பும் புளியும் போட்டு வைத்த மரக்கிண்ணந்தான். மருத்துவமனைக்கும் மரவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

தொழுநோய்க் கிருமி விரலைத் தின்பதில்லை, நரம்பைக் கெடுக்கிறது. கூட்டு மருந்துச் சிகிச்சை 6 அல்லது 12 மாதங்களில் நோயைக் குணமாக்கினாலும், செத்துப்போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. சூடும் வலியும் தெரியாததால்தான் கை புண்ணாகி விரல்கள் குறைகின்றன. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். அங்கே தொடங்கிய நவஜீவ நிலையத்தில் நோயாளிகள் மரவேலை கற்றார்கள்.

நம் சமையலறையில் ஆபத்து எங்கே? எவர்சில்வர் டம்ளரில்! எவர்சில்வர் மரத்தைவிட ஏறக்குறைய நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அலுமினியமோ ஆயிரம் மடங்குக்கும் மேல். தோல் கருகும் வாசனை வந்த பிறகே கீழே வைத்தவர்கள் உண்டு. ஆகவே காப்பி டம்ளருக்கு ஒரு மரக்கூடு, சோறும் குழம்பும் பரிமாற நீண்ட மர அகப்பை. காம்பு பருமனாக இருக்கட்டும். மெல்லிய காம்பை மடங்கிய விரல்கள் இறுக்கிப் பிடிக்கும்போது ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும்.

இதிலும் முக்கியமான ஒன்று உண்டு. இந்த நோயாளிக்கென்று திண்ணையில் தனித்தட்டும் தனித்தம்ளரும் வைத்த வீடுகளை நாங்கள் அறிவோம். மரத்தட்டை அவருக்கு மட்டும் வைத்தால் அதுவும் அந்தத் தனித்தட்டேதான். மருந்து தொடங்கிய சீக்கிரத்திலேயே பிறருக்குப் பரவும் ஆபத்து நீங்கிவிடுகிறது; பிரித்து வைக்கக் காரணமே இல்லை. ஆகவே வீட்டார் அனைவரும் அதே அகப்பையால் பரிமாறி, அதே மரவையிலிருந்து எடுத்துச் சாப்பிடுங்கள் என்கிறோம். மாமியார்கள் சிலர் முதலில் முகம் சுளிப்பார்கள். அந்த ஒரு பேச்சுக்காகவே எங்கள் ஊழியர் இரண்டு மூன்று தரம் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். 2023-இலும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டதால், இந்தப் பேச்சு பழங்கதை அல்ல.

பராமரிப்பு எளிது. ரசத்தை மரவையில் ஊற்றி வைக்கவேண்டாம். பொரியல், அப்பளம், பழம் போதும். தண்ணீரில் ஊறவிடாமல் உடனே கழுவித் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். அவ்வப்போது சிறிது தேங்காய் எண்ணெய் தடவலாம். வெடிப்பு கண்ட அகப்பையை மட்டும் சிக்கனம் பார்க்காமல் அன்றே அடுப்பில் போட்டுவிடுங்கள். சிலாம்பு ஏறினாலும் அந்தக் கைக்குத் தெரியாது.