மலையேறும்போது மட்டும் திணறும் கார்... குற்றவாளி சென்சார்தானா?

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில், கெங்குவார்பட்டிக்கு அருகே காட்ரோட்டில் பிரிகிறது கொடைக்கானல் மலைப்பாதை. மேலே போய்ச் சேர சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்குக் கார் ஏற வேண்டும். சமவெளியில் சமர்த்தாக ஓடிய காரின் குறைகள் எட்டிப் பார்ப்பது இந்த ஏற்றத்தில்தான்.

கொண்டை ஊசி வளைவில் திடீரென பிக்கப் விழும். ‘செக் எஞ்சின்’ லைட் எரியும். ஓரங்கட்டி, ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால், எதுவுமே நடக்காதது போல ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், “நல்லாத்தானே இருக்கு சார்” என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. வந்து போகும் கோளாறின் குணமே அதுதான்.

5 வோல்ட் கணக்கு

இன்றைய கார் எஞ்சினின் மூளை இசியூ என்கிற கம்ப்யூட்டர். அது பல சென்சார்களுக்கு 5 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. உதாரணமாக, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை, பெரும்பாலும் 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் ஒரு அளவாகத் திருப்பிச் சொல்கிறது சென்சார். அதை வைத்துத்தான் எவ்வளவு எரிபொருள் தெளிப்பது என்று இசியூ முடிவுசெய்கிறது. கணக்கு உதைத்தால், எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக சக்தியைக் குறைத்துவிடும். அதைத்தான் நாம் ‘கார் இழுக்கலை’ என்கிறோம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பல கார்களில் இரண்டு மூன்று சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட் லைன்தான். ஒரே குழாயிலிருந்து நான்கு வீடுகள் தண்ணீர் எடுப்பது போல. ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் நான்கு வீட்டுக்கும் தண்ணீர் வராது. அதேபோல, ஒரு ஒயரின் உறை தேய்ந்து பாடியில் பட்டால், அந்த லைனில் உள்ள எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் தப்பாகப் பேசும். அந்த நேரத்தில் ஸ்கேனர் காட்டும் நான்கு கோடுகளையும் நம்பி நான்கு சென்சார்களை மாற்றினால், பணம் போகும்; கோளாறு போகாது. கோட் காட்டுவது தெருவை மட்டும்தான், வீட்டு நம்பரை அல்ல!

ஏன் மலையில் மட்டும்?

ஏற்றத்தில் எஞ்சின் அதிகம் உழைக்கிறது, சூடாகிறது, மவுன்ட்டிங்கில் அசைகிறது. லூஸான கனெக்டர் பின்னும், பாதி அறுந்த ஒயரும் அப்போதுதான் விலகும். தோப்புகளில் நிறுத்தும் வண்டி என்றால் எலிக்கடியையும் சந்தேகிக்க வேண்டும்.

காற்றழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். அடிவாரத்தில் சுமார் 97 கிலோபாஸ்கலாக இருக்கும் அழுத்தம், கொடைக்கானலில் 80-க்கும் கீழே வந்துவிடும். அதனால் காற்றழுத்த சென்சாரின் வோல்ட்டேஜ் மெதுவாகக் குறைவது இயற்கை. சட்டென்று விழுந்து எழுந்தால்தான் கோளாறு.

கண்டுபிடிக்கும் வழி

* கோடை உடனே அழிக்கக் கூடாது. கோளாறு பதிவான நொடியில் வேகம், எஞ்சின் சூடு எவ்வளவு என்பதையும் கார் சேமித்திருக்கும். அழித்தாலோ, பேட்டரியைக் கழற்றினாலோ அந்தத் தடயம் போய்விடும்.

* எஞ்சின் ஓடும்போது, ஸ்கேனரில் சென்சார் அளவைப் பார்த்துக்கொண்டே ஒயர்களையும் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாக மெதுவாக அசைக்க வேண்டும். எங்கே தொடும்போது அளவு துள்ளுகிறதோ, அங்கேதான் வியாதி. சுழலும் பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக் கூடாது.

* 5 வோல்ட் குறைந்திருந்தால், அந்த லைனிலுள்ள சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுவோ அதற்குப் போகும் ஒயரோதான் காரணம். எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பாவிட்டால், லைனையே தேட வேண்டும்.

* எர்த் முக்கியம். எஞ்சின் ஓடும்போது, சென்சாரின் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் பாதையில் துரு, லூஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓட்டுபவர் செய்ய வேண்டியது

பிக்கப் விழுந்தால் பதற வேண்டாம். ஹஸார்டு லைட் போட்டு, வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குப் பின்னால் கல் வையுங்கள். எஞ்சினே நின்றுவிட்டால் ஸ்டீயரிங் கனக்கும். ஓரிரு முறை மிதித்ததும் பிரேக்கும் இறுகும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்த வேண்டும். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டிக்கொண்டு வருவது கூடவே கூடாது.

பிறகு செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த இடம், எத்தனையாவது கியர், மழையா வெயிலா, ஏசி ஓடியதா, எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு? இந்த ஐந்து பதில்களோடு போனால், மெக்கானிக் எங்கே தேடுவது என்று தெரிந்துகொண்டு வேலையை ஆரம்பிப்பார். தேவையில்லாத சென்சார் செலவும் மிச்சமாகும்.